ஓட்டத்தோடு சட்டத்தையும் சொல்லிக்கொடுங்கள்

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் ராணுவத் தேர்வுக்குப் பையன்களைத் தயார்செய்யும் மாஸ்டர்களுக்கு வணக்கம்.

விடியும் முன்னே மைதானத்தில் நின்று 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் புல்-அப்ஸுக்கும் பிள்ளைகளைப் பழக்குகிறீர்கள். உங்களில் பலர் முன்னாள் ராணுவத்தினர். அதனால் உரிமையோடு கேட்கிறேன்: எந்தச் சட்டத்துக்குள் போகிறோம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பக் கூடாதா?

நான் யூனிட் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவன். தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டுக் யூனிட்டின் தலைவரான கமாண்டிங் ஆபீசர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்படும் இளவட்டங்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே குற்றம்தான்: லீவு முடிந்தும் திரும்பவில்லை. சித்திரைத் திருவிழா, அக்கா கல்யாணம், "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போப்பா" என்ற அம்மாவின் பேச்சு. மில் வேலை என்றால் சம்பளம் பிடிப்பதோடு போய்விடும். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் இது குற்றம். கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றத்தில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. கோர்ட் மார்ஷல் வரை போகாமல் கமாண்டிங் ஆபீசரே 28 நாள் வரை உள்ளே வைக்கலாம். 30 நாள் ஓடிவிட்டால் விசாரணை நடத்தி, ஆள் வராததைப் பதிவுசெய்வார்கள். பிறகும் வராவிட்டால் ஓடிப்போனவன் கணக்குதான். வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம்.

காய்ச்சல், விபத்து என்றால் வழி இருக்கிறது. போதிய காரணம் இல்லாமல் தங்குவதைத்தான் சட்டம் தண்டிக்கிறது. உடனே யூனிட்டுக்குத் தகவல் சொல்லி, அரசு ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்கி, லீவை நீட்டிக் கேட்கலாம். பயந்துபோய் போனை அணைத்து வைக்கிறான் பாருங்கள், அதுதான் பையனைக் கெடுக்கிறது.

அப்புறம் கோபம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரோஷம் ஜாஸ்தி. பணியில் இருக்கும் மேலதிகாரி மேல் கை வைத்தால் 40ஆம் பிரிவில் 14 ஆண்டு வரை சிறை. அதற்காக, "எது நடந்தாலும் பொறுத்துப் போ" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். தனக்குக் கீழே இருப்பவரை அடித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ, ஆபீசரோ ஹவில்தாரோ, 47ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. அநியாயம் நடந்ததாக நினைத்தால் கம்பெனி கமாண்டரிடம் முறையிடலாம். அவர் மேலேயே புகார் என்றால் அவருக்கு மேலே இருப்பவரிடம் போகலாம். இதற்கு 26ஆம் பிரிவு இருக்கிறது. தன் மேல் குற்றச்சாட்டு வந்தால் சாட்சியைக் குறுக்குக் கேள்வியும் கேட்கலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்? "சரி சார், சரி சார்" என்று தலையாட்டிவிட்டுத் தண்டனையோடு வெளியே வந்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அக்னிவீரர்களுக்கும் இதே சட்டம்தான். 4 ஆண்டு முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாகிறார்கள். அந்த இடத்துக்குப் போட்டி போடும் பையனின் பதிவேட்டில் சிவப்பு மை, அதாவது தண்டனைக் குறிப்பு, ஏறவே கூடாது.

தேர்வானவர்கள் ரயிலேறும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்குங்கள். மேலே சொன்ன பிரிவுகளைத் தமிழில் ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன். அன்றைக்கு அப்பா அம்மாவையும் கூட்டிவரச் சொல்லுங்கள். ரெண்டு நாள் சேர்த்து இருக்கச் சொல்வது அவர்கள்தானே.