குதிகாலுக்கு நொச்சிக் கிழி

அன்பு மகளுக்கு,

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறுவது போலக் குத்துகிறது, கொஞ்சம் நடந்ததும் தணிகிறது என்று எழுதியிருந்தாய். இது பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வு வலிதான். குதி எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் அந்தத் தடித்த பட்டை இரவெல்லாம் சுருங்கிக் கிடந்து, முதல் அடியில் வெடுக்கென்று இழுபடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்ததற்குக் கலங்காதே. வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு.

வலிக்கு ஒற்றடம் கொடுக்க நொச்சிக் கிழி, அதாவது வதக்கிய இலையைத் துணியில் கட்டிய சிறு மூட்டை, செய்துகொள். நொச்சி இலை 2 கைப்பிடி எடுத்துக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்து. இதில் மட்டும் அவசரம் வேண்டாம். ஈர இலையை வதக்கிக் கட்டினால் துணி வழியே ஆவி வந்து தோலைச் சுட்டுவிடும். இரும்புச் சட்டியில் 1 தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, இலையைக் கிள்ளிப் போட்டுச் சிறு தீயில் வதக்கு. இலை துவண்டு, பச்சை கறுத்து, நெடி மூக்கில் ஏறும்போது இறக்கிவிடு. தடித்த பருத்தித் துணியில் 2 கிழியாகக் கட்டிக்கொள். நைலான் கலந்த துணி சூட்டில் உருகும். ஒன்றால் ஒற்றும்போது மற்றது சட்டியில் சூடேறட்டும்.

சூட்டைக் குதிகாலில் வைத்துப் பார்க்காதே, கண்ணு. அங்கே தோல் தடிப்பு. சூடு உறைப்பதற்குள் ஓரத்து மெல்லிய தோல் கொப்பளித்துவிடும். மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பார்த்து, இதமாகத் தாங்கினால்தான் காலுக்கு. அழுத்திப் பிடிக்காமல் ஒற்றி ஒற்றி எடு. 10 முதல் 15 நிமிடம் போதும். வெடிப்பில் ரத்தக் கசிவு இருக்கும் நாளில் செய்யாதே.

சுட்ட செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதிக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லின் சூட்டை அளவாக வைக்க முடியாது. எருக்கம்பால் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். பூண்டை அரைத்து இரவு முழுக்கக் கட்டுவதும் வேண்டாம். தோல் வெந்து புண்ணாகும்.

இலைச்சாறு அந்தத் தடித்த தோலைத் தாண்டிச் சவ்வு வரை போய்க் குணமாக்கும் என்று நம்பிவிடாதே. சூடு காலின் இறுக்கத்தையும் வலியையும் கொஞ்ச நேரம் தளர்த்தும். அந்த நேரத்தில் நீட்டிவிடுவதுதான் வைத்தியம். வலிக்கிற காலை மற்ற முழங்கால் மேல் போட்டு, கால்விரல்களைக் கையால் பிடித்துக் கணுக்காலை நோக்கி வளை. உள்ளங்காலில் கம்பி போல ஒன்று விறைத்து நிற்பது மறு கை விரலுக்குத் தட்டுப்படும். 10 எண்ணும்வரை பிடி, 10 தடவை செய். காலையில் தரையில் கால் வைக்கும் முன்பும், ஒற்றடம் இல்லாமலேயே, இதைச் செய்துவிடு. ஒற்றடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இதை விடுகிறவர்களுக்குத்தான் வலி திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடு. வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும்.

சர்க்கரை இருந்து கால் மரத்திருந்தால் எந்தச் சூட்டு ஒற்றடமும் கூடாது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல். படுத்திருக்கும்போதும் வலித்தால், வீங்கிச் சிவந்தால், மரத்துப்போனால், காய்ச்சல் சேர்ந்தால் கிழியை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரிடம் போ.

இப்படிக்கு,
அம்மா