பென்டிரைவ் தயார், அப்புறம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து, பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தரச் சொல்லித் தெரிந்தவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். கணினி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்; பொழுதும் போகிறது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பை, பென்டிரைவில் அப்படியே காப்பி செய்துவிட்டு, "பூட் ஆகவில்லை சார்", அதாவது கணினி அதிலிருந்து தொடங்கவில்லை என்பார்கள். ரூஃபஸ் போன்ற மென்பொருள் கொண்டு எழுதினால்தான் ஆகும். பென்டிரைவில் ஏற்கெனவே இருந்த படங்கள், பாடல்கள் எல்லாம் அழிந்துவிடும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சரி, எழுதியாயிற்று. கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவுக்கு எந்த விசை? டெல்லில் எஃப்12, ஹெச்பியில் பெரும்பாலும் எஃப்9. லோகோ மின்னி மறைவதற்குள் அழுத்த வேண்டுமாம்! வயதானவர்களின் விரலுக்கு இது அநியாயம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே ரீஸ்டார்ட் கொடுக்கலாம். பெரும்பாலான புதிய கணினிகளில், வரும் நீலத்திரையிலேயே யூஎஸ்பியைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கும். பலருக்கும் இது தெரியவில்லை. பிட்லாக்கர் என்ற விண்டோஸின் வட்டுப் பூட்டைப் போட்டிருப்பவர்கள் மட்டும் மீட்புச் சாவியை முன்பே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

லினக்ஸின் வகைகளான லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டையும் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் புதுச் செல்பேசி விமர்சனத்துக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியைக் கொடுத்து, எந்த நிறுவனக் கணினிக்கு எந்த விசை என்று ஒரு பட்டியல் போடுங்களேன். வெட்டி எடுத்து மடிக்கணினிப் பையில் வைத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர்