நார்ப்பெட்டி அரிசி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, சிக்னலும் விட்டு விட்டு வந்தது. "19 பிள்ளைங்க படிக்கிற ஸ்கூலுக்காக எதுக்குப்பா மூட்டுவலியோட இந்த அலைச்சல்?" என்று கேட்டாய். என் உடம்பை நினைத்துத்தான் கேட்டாய், அது தெரியும். ஆனாலும் ராத்திரி படுத்தபிறகு அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. போனில் சொன்னால் பாதியில் நின்றுபோகும், அதனால் எழுதிவிடுகிறேன், நிதானமாகப் படி.

முன்னாள் மாணவர் என்ற முறையில் பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்று சொன்னேனில்லையா. கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள், எல்லாம் உன் வயசுப் பிள்ளைகள், தலைவியும் ஒரு பிள்ளைக்கு அம்மாதான். ஜனவரி முதல் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பெரிய டீச்சர் (கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், டிசம்பரில் பிள்ளைகளுக்குக் கேக் கொண்டுவந்து வராண்டாவில் ஸ்டார் கட்டினாரே, அவர்தான்) மெதுவாக ஒரு பேச்சை எடுத்தார். "வருசா வருசம் நாங்க ரெண்டு டீச்சரும் கைக்காசைப் போட்டு குக்கர்ல பொங்கல் வச்சு ஆளுக்கு ஒரு கரண்டி குடுக்கோம், இந்த வருசம் எல்லாருமாச் சேர்ந்து பானையில வைக்கலாமா?" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நம் ஊரில் பொங்கல் எப்படி என்று உனக்குத் தெரியும். நம் தெரு அம்மன் கோயில் முன்னால் ஒரு பொங்கல், காலனியில் அவர்கள் கோயில் முன்னால் ஒரு பொங்கல், இரண்டுக்கும் நடுவில் அந்த ஓடை. நான் பிறந்த நாளிலிருந்து இந்தப் பொங்கலை அந்தப் பொங்கல் பார்த்ததில்லை.

நான்தான் சொன்னேன், காசு வசூலிக்க வேண்டாம், காசென்றால் கணக்கு வரும், அவர் எவ்வளவு இவர் எவ்வளவு என்று பேச்சு வரும், வீட்டுக்கு ஒரு கை அரிசி வாங்குவோம், இரண்டு தெருவிலும், நானே போகிறேன் என்று. சொல்லிவிட்டு உன் ஆச்சியின் நார்ப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். பனைநார் இற்றுப்போகாமல் அப்படியே இருக்கிறது, அம்மா அதைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தாள்.

பொங்கலுக்கு முந்தின சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்தேன். உளுந்து பிடுங்குகிற நேரம், பகலில் வீட்டில் ஆள் இல்லை, சாயங்காலம்தான் பிடிக்க முடிந்தது. ரேசன் கடையில் பொங்கல் தொகுப்பு அந்த வாரம்தான் போட்டிருந்தார்கள், பச்சரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, முழுக்கரும்பு ஒன்று. நிறையப் பேர் அந்தப் பச்சரிசியிலிருந்தே அள்ளிப் போட்டார்கள். ஒரு கை கேட்டால் ஒரு படி கொண்டுவந்தவர்களும் உண்டு. காலனியில் ஒரு பாட்டி, கண் சரியாகத் தெரியாது, என் கையைப் பிடித்துப் பார்த்து இன்னார் என்று தெரிந்துகொண்டு, "எங்க வீட்டு அரிசி வாங்க ஊருக்குள்ள இருந்து வந்திருக்கியாய்யா" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும் தாயி? பெட்டியை நீட்டினேன், போட்டார்.

நம் தெருவில் ஒரு வீட்டில் அரிசி தரவில்லை. "வெல்லம் தாரேன், வாங்கிக்கிடுங்க" என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா. ஏன் அரிசி இல்லை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு கிலோ அச்சுவெல்லம், நல்ல வெல்லம், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். யார் வீடு என்று கேட்காதே. அவருடைய பேரன் நாலாம் வகுப்பு படிக்கிறான், அவ்வளவுதான் சொல்வேன்.

ஞாயிறு ராத்திரி நம் வீட்டுத் திண்ணையில் சாக்கை விரித்து அரிசியைக் கொட்டினோம். காலை உணவு சமைக்கிற அக்காவும் வந்திருந்தார், மகளிர் குழுவில் இருப்பவர், அவர் மகள் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. 2023 ஆகஸ்டில் அந்தத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்ததிலிருந்து காலையில் அடுப்பு மூட்டுவது அவர்தான். அரிசியைப் பார்த்ததுமே தலையில் கை வைத்தார். குண்டு அரிசி, சன்ன அரிசி, போன வருசத்துப் பழைய அரிசி, புதுநெல் அரிசி, நடுவில் யாரோ போட்ட புழுங்கலரிசியும் கிடந்தது. "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா பாதி வேகாது, பாதி குழைஞ்சிரும்" என்றார். எனக்குப் பகீரென்றது. அப்புறம் அவரே சுளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புடைத்து, கையால் தள்ளித் தள்ளி, பழையதை ஒரு குவியலாகவும் புதுசை ஒரு குவியலாகவும் பிரித்தார். ஒரு அரிசியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார், சத்தத்தை வைத்தே இது பழசு இது புதுசு என்பார். பழசை முன்கூட்டியே ஊறவைத்து முதலில் போட வேண்டும், அது அரைவேக்காடு ஆனபிறகு புதுசு, அப்போதுதான் இரண்டும் ஒன்றாக இறங்குமாம். உன் அம்மா இந்த நாற்பது வருசமாகப் பொங்கல் வைக்கிறாள், அவளுக்கே அது புதுசு. இரண்டு பேரும் பதினோரு மணி வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே புடைத்தார்கள். அந்த அக்கா நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நானும் நினைத்துப் பார்த்தேன், இத்தனை வருசம் ஒரே ஊர்.

மறுநாள் திங்கள்கிழமை. மூன்று கல் கூட்டி, பானைக்குக் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, பனையோலையில் தீ வைத்தோம். பனையோலை உனக்குத் தெரியுமே, குப்பென்று எரிந்து சட்டென்று அடங்கிவிடும், ஒரு ஆள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் கிட்டே வராமலிருக்கச் சின்ன டீச்சர் கோலமாவில் ஒரு வட்டம் போட்டு, கோட்டைத் தாண்டினால் கரும்பு கிடையாது என்று சொல்லிவிட்டார். 19 ஜோடிக் காலும் கோட்டின் மேலேயே நின்றன. ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி பள்ளி வாசலில் பெரிய சூரியனை வரைந்து, கண் வைத்து, மூக்குத்தியும் வைத்திருந்தாள். இந்த வருசம் சேர்ந்த ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் பானையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, இன்னைக்குத் திங்கக்கிழமைல்லா, பொங்கல் புதன்கிழமைதான போடுவாங்க?" என்று கேட்டான். காலை உணவு அட்டவணையை வைத்துத்தான் அவன் கிழமையே கணக்கிடுகிறான்.

பால் பொங்கி கிழக்கே வழிந்தது. உளுந்துக் காட்டிலிருந்து நேராக வந்த பெண்கள் முந்தானையில் தூசியோடு நின்றார்கள். முதல் குலவை காலனிப் பக்கம் நின்றவர்களிடமிருந்து வந்தது, உடனே நம் தெருப் பெண்கள் பக்கமிருந்தும் வந்தது, அதற்கப்புறம் எது யார் குலவை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லமாட்டேன்.

நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தது 1968-இல். அப்போதெல்லாம் மதியம் மஞ்சள் மாவு உப்புமா. காமராசர் மதிய உணவை 1956-இல் தொடங்கியது பக்கத்து எட்டயபுரத்தில்தான் என்று உன் தாத்தா பெருமையாகச் சொல்வார். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே அண்டாவிலிருந்துதான் வந்தது, ஆனால் உட்காருவது வராண்டாவில் இந்தக் கடைசி நாங்கள், அந்தக் கடைசி அவர்கள். அப்படி உட்காரும்படி யாரும் சொன்னதில்லை, நாங்களாகவே போய் உட்கார்ந்துவிடுவோம், வீட்டிலேயே படித்துக்கொண்டு வந்த பாடம் அது. ஒரு நாளாவது எழுந்து அந்தக் கடைசிக்குப் போயிருக்கலாம். நான் போனதில்லை, அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பொங்கல் இறக்கியதும் கயிறு இழுத்தல். பெற்றோரும் வரலாம் என்றார் பெரிய டீச்சர். பெயர் கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை, வரிசையில் நிற்கவைத்து ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணி, ஒன்றெல்லாம் இந்தப் பக்கம், இரண்டெல்லாம் அந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டார். டவுன் பள்ளிக்கு வேனில் போகிற பிள்ளைகள் நாலைந்து பேர், அவர்களுக்கு அன்றைக்கே லீவு விட்டிருந்தார்கள், மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இறங்கி வாங்கடா, கயித்துக்கு ஆள் பத்தல" என்று கூப்பிட்டதும் பொத்துப் பொத்தென்று குதித்தார்கள். வேன் பிள்ளைகளில் ஒருவனுக்குக் காலனிப் பையன்களில் ஒருத்தன் பெயரும் தெரியவில்லை. ஐந்து வயசிலிருந்து ஒரே ஊரில் இருக்கிறான், "ஏய் மஞ்சச் சட்டை, பிடிச்சுக்க" என்றுதான் கத்தினான்.

நீ கேட்ட கேள்விக்கு என் பதில் அந்த மஞ்சள் சட்டைதான் தாயி. பிள்ளைகள் குறைந்துகொண்டே போனால் ஒரு நாள் இந்தப் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். வசதி உள்ளவன் பிள்ளை வேனில் ஏறிவிடும், இல்லாதவன் பிள்ளை ரோட்டைத் தாண்டி நடந்து போகும். எங்கேயாவது படிப்பு கிடைத்துவிடும், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற பிள்ளைகள் ஒரே தரையில் உட்கார இந்த ஊரில் வேறு இடம் கிடையாது. கோயில் கிடையாது, கல்யாண வீடு கிடையாது, டீக்கடையில்கூட நிற்கிற இடம் வேறு வேறு. இந்த இரண்டு அறையும் ஒரு வராண்டாவும்தான் இருக்கிறது. 19 பிள்ளை என்று நீ எண்ணுகிறாய், எனக்கு அது 19 வீடு.

சரி, வெல்லம் தந்த வீட்டுக் கதையைச் சொல்லவில்லையே. பந்தி முடிந்ததும் அந்தப் பேரன் ஒரு தூக்குச்சட்டியோடு வந்து, "எங்க அப்பத்தாவுக்கு" என்று நீட்டினான். சமைக்கிற அக்காதான் கரண்டி பிடித்திருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. நிறையவே வைத்துக் கொடுத்தார், மேலே முந்திரி தெரிகிறமாதிரி. அவனும் கொண்டுபோனான். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் தைப்பொங்கல் காலையில் அந்தப் பெரியம்மா வழியில் என்னைப் பார்த்து நின்றார். "அரிசி கொஞ்சம் கூட வெந்துபோச்சு, வெல்லம் பத்தல, அடுத்த வருசம் என்கிட்ட கேட்டுட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் சிரித்தாள், அப்புறம் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

மார்ச்சில் ஆண்டு விழா வைக்கப்போகிறோம். நீ ஐந்தாம் வகுப்பில் திருக்குறள் ஒப்பித்த அதே வராண்டாதான் மேடை. பணம் அனுப்புகிறேன் என்றாயே, பணம் வேண்டாம், நீ வா, பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. பெரிய எழுத்தில் படம் போட்ட தமிழ்க் கதைப் புத்தகம் கிடைத்தால் பத்துப் பதினைந்து வாங்கி வா, ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு ஆகும். மைசூர் தூத்துக்குடி வண்டியில் டிக்கெட் போட்டுவிட்டுச் சொல், கோவில்பட்டிக்கு நான் வந்துவிடுகிறேன். மூட்டுவலி இப்போது பரவாயில்லை, அம்மா தைலம் தேய்த்துவிடுகிறாள்.

அன்புடன்,
அப்பா