மின்கம்பி வராத தீவில் வீடு கட்ட அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
தீவில் வீடு கட்ட விண்ணப்பித்துள்ள குடும்பத்தினர்

பெறுநர்:
உயர்திரு கட்டட அனுமதி அலுவலர் அவர்கள்

பொருள்: மின் இணைப்பும் குடிநீர்க் குழாய் இணைப்பும் இல்லாமல் வீடு கட்ட அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வீட்டு வரைபடம் மின் இணைப்பு ரசீதும் குடிநீர் இணைப்புச் சான்றும் இல்லை என்ற காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டுள்ளது. இந்தத் தீவுக்குக் கடலடி மின்கம்பியும் இல்லை, குடிநீர்க் குழாயும் இல்லை. இல்லாத இணைப்புக்கு ரசீது கொடுக்க யாராலும் முடியாது. அதனால் இணைப்புக்குப் பதில், வீட்டிலேயே அமையும் ஏற்பாட்டைச் சோதித்து அனுமதி தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மின்சாரத்தை முதலில் சொல்கிறோம். எங்கள் தேவை ஒரு நாளைக்கு 4 யூனிட். 2 கிலோவாட் சோலார் பலகைகளும் 10 யூனிட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் வைக்கப்போகிறோம். அந்த பேட்டரியில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தினாலே, வெயில் இல்லாத இரண்டு நாளைத் தாண்டிவிடலாம். கடலோரத்தில் பலகையைவிட போல்ட்தான் முதலில் கெடும். அலுமினியச் சட்டத்தை வேறு உலோகம் தொடும் இடத்தில் உப்புக்காற்று பட்டால், போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்துச் சட்டம் அரிக்கும். ஆகவே 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும், இடையில் பிளாஸ்டிக் வாஷரும் போடுவதாக வரைபடத்திலேயே குறித்திருக்கிறோம். ஆய்வுக்கு வருபவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அடுத்தது தண்ணீர். எங்களுக்குப் பெரிய கவலையும் இதுதான். இப்படிப்பட்ட மணல் தீவில் கிணற்று நீர் என்பது கடல்நீரின் மேல் மிதக்கும் மழைநீர்ப் படலம். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். மோட்டார் வைத்து இறைத்து மேலே ஒரு அடி குறைத்தால், அடியிலிருந்து உப்புநீர் ஏறக்குறைய 40 அடி ஏறி வரும். பாதிப்பு எங்கள் கிணற்றோடு நிற்காது, அக்கம்பக்கத்துக் கிணறுகளும் உப்பாகும். அதனால் கிணறே வேண்டாம் என்று முடிவு செய்தோம். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். வீணாவதைக் கழித்தாலும் 80 லிட்டர் கிடைக்கும். நான்கு பேருக்குத் தினம் 200 லிட்டர் என்று வைத்தால், மூன்று மாத வறட்சிக்கு 18,000 லிட்டர் போதும். தொட்டி 20,000 லிட்டர். கூரையைக் கழுவி வரும் முதல் மழைநீரை வெளியேற்றும் குழாயும், குடிப்பதற்கு வடிகட்டியும் உண்டு. இதே காரணத்துக்காகத்தான் செப்டிக் டேங்க்கும் உறிஞ்சுகுழியும் வேண்டாம் என்கிறோம். அந்தக் கழிவு போய்ச் சேரும் இடமும் அதே நன்னீர்ப் படலம்தான். கழிவை மக்கவைக்கும் கழிப்பறைக்கு அனுமதி தாருங்கள்.

இது புதிதாக யாரும் செய்யாத காரியம் அல்ல. ஸ்காட்லாந்தின் எக் (Eigg) தீவு, பெருநிலத்து மின்கம்பி இல்லாமலே 2008 முதல் பெரும்பாலும் நீர், காற்று, சூரிய ஆற்றலில் ஓடுகிறது. அங்கே ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பசிபிக்கில் உள்ள டோக்கலாவ் தீவுகள் 2012-இல் டீசலிலிருந்து சூரிய மின்சாரத்துக்கு மாறின.

அப்புறம் ஒரு முக்கியமான வேண்டுகோள். கான்கிரீட் கலக்கவும் நன்னீர்தான் வேண்டும். கடல்நீரில் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துச் சுவர் வெடிக்கும். படகில் தண்ணீர் கொண்டுவந்து வீடு கட்டி முடிக்க முடியாது, கடல் கொந்தளித்தால் படகே வராது. ஆகவே முழு அனுமதி தாமதமானாலும், பிளாஸ்டிக் தொட்டியையும் அதற்கு மேல் ஒரு தகரக் கூரையையும் மட்டும் மழைக்காலத்துக்கு முன்பே அமைக்கத் தற்காலிக அனுமதி தாருங்கள். அந்த மழையில் சேரும் நீரிலேயே அஸ்திவாரம் போட்டுக்கொள்கிறோம்.

உரிமம் பெற்ற மின்பணியாளரின் சான்றைத் தரத் தயாராக இருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீரைச் சோதித்து அறிக்கை தரவும் சம்மதம். மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றுக்கும் ஆய்வாளர்கள் தனித்தனி நாளில் வராமல் ஒரே படகில் சேர்ந்து வர ஏற்பாடு செய்தால் பேருதவியாக இருக்கும். ஆய்வு நாளை முன்கூட்டியே தெரிவிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர் குடும்பத்தினர்

இணைப்பு: திருத்திய வரைபடம், சோலார் மற்றும் தொட்டிக் கணக்கு