பூட்டியின் வரி நின்ற இடம்

அன்புள்ள மகளுக்கு,

நீ மெல்பேர்னிலிருந்து அனுப்பிய பக்கங்கள் கிடைத்தன. ஒல்லாந்தப் பறங்கியர், அதாவது இலங்கையில் தங்கிவிட்ட ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) வழிவந்தவர்கள், அவர்களின் சங்கத்துச் சஞ்சிகையில் வந்த வம்சாவளி என்றதும் எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. தலைமுறைக்கு ஒரு ரோம எண், பிறந்த திகதி, கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்தில் கலியாணம் நடந்த திகதி என்று எவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள்!

உன் பூட்டியும், அதாவது என் அம்மம்மாவும், அதில் இருக்கிறார். ஆனால் கணவர் பெயரோடு வரி நின்றுவிடுகிறது. 1908இல் தொடங்கிய அந்தச் சங்கம் ஆண்வழி பார்த்தே ஆட்களைச் சேர்த்தது. வம்சாவளியும் அதே வழியில்தான் போகிறது. தமிழரைக் கட்டிய மகளின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை.

சரி, மற்றப் பக்கத்தைப் பார்ப்போம் என்று விவாகப் பதிவைத் தேடினேன். இங்கேதான் இரண்டு நாள் வீணானது. அவர் கணவர் கந்தையாவை நான் ஆங்கில 'கே' (K) எழுத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் 'சீ' (C) போட்டும் எழுதுவார்களே! அதோடு எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து, அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். யாழ்ப்பாணத்தில் எத்தனை கந்தையா! கடைசியில் மணமகள் பெயரில் தேடினேன். பறங்கிக் குடும்பப் பெயர் அபூர்வமானதல்லவா, அகப்பட்டுவிட்டது. நீயும் தேடும்போது அரிதான பெயரிலிருந்து தொடங்கு.

பெயர் அட்டவணையைப் பார்த்ததோடு நின்றுவிடாதே. அது ஆளும் இலக்கமும் காட்டும், அவ்வளவுதான். சான்றிதழின் பிரதியில்தான் வயது, வதிவிடம், இரு பக்கத்துத் தகப்பன்மாரின் பெயர், தொழில் எல்லாம் வரும். சஞ்சிகையில் 1911 என்றிருந்த கலியாணம் பிரதியில் 1912. அச்சில் வந்தது என்பதற்காக நம்பி எழுதிவிடாதே, 1912 என்றே குறித்துக்கொள்.

இதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் ஒல்லாந்தர் கால தோம்புகள், அதாவது காணியும் குடும்பமும் பதிந்த ஏடுகள், இருக்கின்றன, சுவடிகள் திணைக்களத்தில். சங்க மண்டபம் இருக்கும் அதே ரீட் அவெனியூதான். ஆனால் பழைய டச்சு எழுத்தை என்னால் வாசிக்க முடியாது. லீவில் நீ வந்தால் யாரையாவது பிடித்துப் போவோம்.

அப்புறம் ஒன்று. கந்தையாவின் தகப்பன் மணியகாரர், அதாவது அந்தக் கால அரசாங்கத் தலைமைக்காரர், என்று பெரியம்மா ஐம்பது வருடமாகச் சொல்லி வருகிறார் அல்லவா? சான்றிதழில் தொழில்: சுருட்டு வியாபாரம். அவருக்கு இப்போதைக்குச் சொல்லாதே, நேரம் பார்த்து நானே சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா
வெள்ளவத்தை