அரைப்பதற்கு முன் எழுதிக் கொடுங்கள்: கொங்கு வட்டாரப் பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி என்று நீங்கள் கிளினிக் நடத்தும் ஊர்களிலிருந்து வரும் அச்சுகளுக்குக் கேப்பும் (பல் முழுவதையும் மூடும் உறை) வெனீரும் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு) செய்து தருகிற லேப் டெக்னீஷியன்கள் நாங்கள். நோயாளியின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. ஆனால் நீங்கள் அரைத்த பல் ஒவ்வொன்றும், அச்சில் வார்த்த கல் மாதிரியாக (ஜிப்சத்தில் செய்த அதே வடிவமாக) எங்கள் மேசைக்கு வருகிறது. எவ்வளவு அரைத்தீர்கள் என்பது உங்களுக்கு அடுத்தபடியாக எங்களுக்குத்தான் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறோம்.

தை முகூர்த்தங்கள் நெருங்கிய நேரத்தில் 'மணமக்கள் ஸ்மைல் பேக்கேஜ், மூன்றே நாளில் முத்துப் பல்' என்று பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஃபிளெக்ஸ் ஏறியது. யாருடையது என்பது இங்கே தேவையில்லை. அதைத் தொடர்ந்து வந்த ஒரு கேஸைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. ஸ்லிப்பில் இருந்தது இவ்வளவுதான்: பெண், வயது 22. மேல் முன்பல் ஆறுக்கும் சிர்கோனியா (பீங்கான் கேப்). ஷேடு பி.எல்.1 (வெளுத்த வெள்ளை நிறம்). வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். கூடவே அரைப்பதற்கு முன் எடுத்த போட்டோ. வரிசையான பற்கள். சொத்தை இல்லை, உடைசல் இல்லை, சந்து இல்லை. நடுப்பல் இரண்டிலும் குறுக்கே ஒரு பழுப்புப் பட்டை, மற்றவற்றில் வெள்ளைத் திட்டுகள். புளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்த பல் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். நம் பக்கத்தில் அந்தக் கறையை அடையாளம் காண யாருக்கும் தனிப் படிப்பு வேண்டாம்.

அந்த ஆறு பற்களின் கல் மாதிரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல் பக்கவாட்டு வெட்டுப்பல் ஈறோரத்தில் சுமார் 5 மி.மீ. அகலம். சுற்றிலும் 1 மி.மீ. எடுத்தால் மிஞ்சுவது 3 மி.மீ. நுனியிலும் 1.5 முதல் 2 மி.மீ. போய்விடுகிறது. நிற்பது மாடு கட்டும் முளைக்குச்சி போலக் கூம்பிய ஒரு தண்டு. முழுக் கேப்புக்கு அரைக்கும்போது ஈறுக்கு மேலே தெரிகிற பல்லின் எடையில் 63 முதல் 72 சதவீதம் போகிறது, வெனீருக்கு 3 முதல் 30 சதவீதம்தான் என்ற 2002-ஆம் ஆண்டு ஆய்வுக் கணக்கை எங்களைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். கறை இருந்தது பல்லின் வெளி ஓடான எனாமலில். அரைத்தது அதைத் தாண்டி, உள்ளடுக்கான டென்டினுக்குள்.

கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பெண்ணுக்கு என்ன காத்திருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். முதலில் கூச்சம், மோர் குடித்தால்கூடச் சுர்ரென்று ஏறும். 22 வயதில், நரம்பு இருக்கும் பல்கூழ் அறை இன்னும் அகலமாகத்தான் இருக்கும். அதனால் அரைக்கும் பர்ரின் சூடு நரம்புக்கு மிக அருகில் போய்வருகிறது. சில பற்களில் நரம்பு சத்தமில்லாமல் சாகும். ஓரிரு வருடம் கழித்து வேரடியில் சீழ் வைத்த பிறகுதான் தெரியவரும். அப்போது கேப்பின் பின்பக்கத்தைத் துளைத்து ரூட் கெனால் செய்ய வேண்டும். சிர்கோனியாவைத் துளைப்பது எவ்வளவு பாடு என்பது துளைத்தவர்களுக்குத் தெரியும். கேப்பின் விளிம்பு தெரியக் கூடாது என்று ஈறுக்குள் ஆழமாக இறக்கியிருந்தால், அது எலும்புக்கு 2 மி.மீ.க்குள் நெருங்கிய இடத்தில் ஈறு சிவந்தே இருக்கும். தேய்க்கும்போதெல்லாம் ரத்தம் வரும். பிற்பாடு ஈறு இறங்கினால் விளிம்பு வெளியே வந்துவிடும். நன்றாகப் பராமரித்தால் கேப் 10, 15 வருடம் வரும். 22 வயதில் போட்டவர் அறுபது வயதுக்குள் குறைந்தது இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அடியில் இருக்கும் பல் இன்னும் கொஞ்சம் குறையும்.

அழகுக்காகச் செய்தது அழகாகவாவது இருக்கிறதா? மேலே ஆறு பல் பி.எல்.1 வெள்ளை. கீழ்ப்பற்கள் அதே பழைய நிறம். வாய்விட்டுச் சிரித்தால் பக்கத்தில் தெரிகிற முன்கடைவாய்ப் பற்களும் அதே பழைய நிறம். மேல் ஆறு மட்டும் தனித்து நிற்கும். சில மாதத்தில் கீழ்வரிசைக்கும் அச்சு வருகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. அழகுக்காக நல்ல பல்லைத் தொடுவதற்கு முன், என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பல் போகும், எத்தனை வருடம் வரும், கெட்டால் என்ன செய்வது, என்ன செலவு என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, யோசிக்க ஒரு வாரம் விடுங்கள்.

'பேஷண்ட்தான் கேப் கேட்கிறார்' என்பது உங்களில் சிலர் சொல்லும் பதில். டாக்டர், அவர் கேப் கேட்டிருக்க மாட்டார். 'மாப்பிள்ளை வீட்டார் வர்றதுக்குள்ள பல்லு வெள்ளையாகணுங்க' என்றுதான் கேட்டிருப்பார். வெள்ளையாக்கக் கேப்பைவிடச் சிறிய வழிகள் பல உண்டு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர் நீங்கள்.

தாளில் முதல் வரி ஸ்கேலிங்கும் பாலிஷிங்குமாக இருக்கட்டும். பாக்கு, டீ, புகையிலைக் கறையும் காரையும் வெளியே ஒட்டியவை, அதோடு போய்விடும். அடுத்தது வெளுப்பு. அச்சிலிருந்து 1 மி.மீ. ஷீட்டில் மெல்லிய ட்ரே செய்து தருகிறோம். 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இரவில் அதில் இட்டு அணிய வேண்டும். சாதாரண மஞ்சளுக்கு இரண்டு வாரம் போதும். புளோரைடு பழுப்புக்கு இன்னும் பல வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் வெள்ளைத் திட்டுகள் முன்பைவிடத் தூக்கலாகத் தெரியும். அதைச் சொல்லாமல் அனுப்பினால் மூன்றாம் நாளே ட்ரேயைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கூச்சம் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்கலாம், பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட் தரலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் தள்ளிப்போட வேண்டும். கிளினிக்கில் ஒரே அமர்வில் செய்யும் 35, 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வெளுப்பில், எழுந்திருக்கும்போது தெரிகிற பளிச்சில் ஒரு பங்கு பல் உலர்ந்ததால் வருவது. சில நாளில் அது இறங்கிவிடும். அன்றைக்கே எடுத்த போட்டோவை விளம்பரத்தில் போடுவது முறையல்ல.

வெளுப்பில் போகாத பழுப்புக்கு மைக்ரோ அப்ரேஷன் இருக்கிறது. ஈறில் அமிலம் படாமல் ரப்பர் டேம் (ரப்பர் திரை) கட்டி, 6.6 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலப் பசையால் மெதுவாகத் தேய்ப்பது. போகிற எனாமல் 0.1, 0.2 மி.மீ. அளவுதான். வெள்ளைத் திட்டுக்கு ரெசின் ஊடுருவல், அதாவது திரவப் பிசினைத் திட்டுக்குள் இறக்குவது: 15 சதவீத அமிலம் 2 நிமிடம், ஆல்கஹாலில் 30 விநாடி உலர்த்தல், ரெசின் 3 நிமிடம், பிறகு லைட். ஆல்கஹால் வைத்தவுடன் திட்டு மங்கினால் ரெசின் வேலை செய்யும். மங்கவில்லையென்றால் அமிலத்தை இன்னொரு தடவை வைக்க வேண்டும். ஊசி போட வேண்டாம், பர் வேண்டாம். நம் பக்கத்துக் கறைக்கு ஏற்ற முறைகள் இவை. இந்த இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை கேள்விப்படாமலேயே கேப் போட்டுக்கொண்டவர்கள்தான் அதிகம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

குழியும் விரிசலும் உள்ள பல்லுக்குக் கம்போசிட் (பல் நிற ரெசின்). பெரும்பாலும் அரைக்காமலே ஒட்டலாம். டீயிலும் மஞ்சளிலும் நிறம் மாறும், ஓரம் உடையும், ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே சரிசெய்துவிடலாம். வெளுப்பு வைத்திருந்தால் இரண்டு வாரம் கழித்தே ஒட்ட வேண்டும். எனாமலில் தங்கிய ஆக்சிஜன் ரெசினை இறுக விடாது. ஷேடும் அதற்குள் நிலைத்துவிடும். வெனீரையோ கேப்பையோ பின்னால் வெளுக்க முடியாது, ஆகவே வெளுப்பு எப்போதும் முதலில்தான்.

இவை எதுவும் போதாதபோதுதான் வெனீர். 0.3 முதல் 0.7 மி.மீ. வரை, எனாமலைத் தாண்டாமல் அரைத்தால் ஒட்டு நிற்கும். ஈறோரத்தில் எனாமலே 0.3, 0.4 மி.மீ.தான், அங்கே கை அழுத்தினால் டென்டின் வந்துவிடும், ஒட்டும் பலவீனமாகும். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்கும், முன்பல் நுனியோடு நுனி இடிப்பவருக்கும் வெனீர் தெறிக்கும். கேப் கடைசி. உடைந்த பல், ரூட் கெனால் முடிந்து பெரிய அடைப்புள்ள பல் ஆகியவற்றுக்கு அது உயிர் கொடுக்கும் சிகிச்சை. எத்துப்பல்லுக்கும் சந்துக்கும் கிளிப்பும் அலைனரும் (பல்லை மெல்ல நகர்த்தும் தெளிவான பிளாஸ்டிக் உறை) இருக்கின்றன. வருடக்கணக்கில் ஆகும் என்பதற்காக, எத்துப்பல்லின் நரம்பை எடுத்துச் சீவிக் கேப்பால் உள்ளே தள்ளும் வேலையை 'இன்ஸ்டன்ட் கிளிப்' என்று பெயரிட்டு விற்காதீர்கள்.

இதில் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. கறை படிந்த பல் என்றாலே ஒழுங்காகத் தேய்க்காத பல் என்று பேசுகிற ஊர் இது. லிட்டருக்கு 1 மி.கி.க்கு மேல் புளோரைடு போகக் கூடாது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. அதை மீறிய போர் தண்ணீரைப் பிஞ்சு வயதில் குடித்தது அந்தப் பிள்ளைகளின் குற்றமா? காவிரி நீரைத் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இன்று கல்யாண வயதில் நிற்பவர்களின் முன்பல் எனாமல் அதற்கு முன்பே உருவாகி முடிந்துவிட்டது. இப்போது ஆர்.ஓ. தண்ணீர் குடித்தால் அந்தக் கறை போகாது. அரசு தண்ணீர் கொடுக்கத் தாமதித்தது, ஊர் பல்லைப் பார்த்துப் பெண்ணை எடைபோடுகிறது, அழகு நிலையங்கள் பல் வெளுப்பை ஃபேஷியலோடு சேர்த்து விற்கின்றன, தவணையில் கட்டலாம் என்று ஃபிளெக்ஸ் கூப்பிடுகிறது. கடைசியில் நாற்காலியில் வந்து வாயைத் திறப்பது 22 வயதுப் பெண். விளம்பரம் செய்து நோயாளிகளை இழுக்கக் கூடாது என்று இந்தியப் பல் மருத்துவ மன்றத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்வதை உங்களுக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம். மன்னியுங்கள். கேட்பது அதே ஒன்றுதான்: அரைப்பதற்கு முன் எழுதிக் கொடுங்கள், ஒரு வாரம் விடுங்கள்.

அந்த ஒரு வாரத்தில் எங்களால் ஆனதைச் செய்கிறோம். அரைக்காத பல்லின் அச்சும் கடிப்பதிவும் அனுப்புங்கள். இரண்டு நாளில் புதுப் பல்லின் வடிவத்தை மெழுகில் செய்த மாதிரியும், அதன் மேல் எடுத்த புட்டி (சிலிக்கான் பசை) அச்சும் வந்துவிடும். புட்டிக்குள் தற்காலிக ரெசினை நிரப்பிப் பல்லின் மேல் அழுத்தி எடுத்தால், ஒரு துளி எனாமல் போகாமல் புதுச் சிரிப்பை அவர் கண்ணாடியில் பார்த்துவிடலாம். 'வா, வீடு, வெள்ளிக்கிழமை' என்று சொல்லச் சொல்லுங்கள். மேல் பல் நுனி கீழுதட்டை லேசாகத் தொட வேண்டும், குத்தினால் நீளம் அதிகம். வீட்டில் காட்டப் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும். அதன் பிறகும் வெனீர்தான் வேண்டும் என்றால், முடிவு அவருடையது.

தாளின் ஒரு நகலை எங்கள் ஸ்லிப்போடு சேர்த்து அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். சொத்தையோ உடைசலோ இல்லாத முன்பற்களுக்குக் கேப் கேட்டு, அந்த நகல் இல்லாமல் வரும் கேஸ்களை இனி உங்களைப் போனில் கேட்ட பிறகே தொடங்குவோம். தொந்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களுக்கு வேலை செய்யும் லேப் டெக்னீஷியன்கள் சிலர்