ஹெட்டை மாட்டும் முன் பிளாக்கின் முகத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூடேறி நின்றுபோன லாரிகளும் டிராக்டர்களும் எங்கள் நாமக்கல் பகுதிப் பட்டறைகளுக்கு வராத நாளில்லை. இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் கொடுத்து முகம் சீவி வாங்கி, அடியில் கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு அனுப்பிய வண்டி சில மாதங்களிலேயே அதே கோளாறோடு திரும்பி வரும்போது, பழி பெரும்பாலும் கேஸ்கெட்டின் மீதே விழுகிறது. போலி உதிரிபாகங்கள் சந்தையில் உலவுவது உண்மைதான். ஆனால், ஹெட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட, அது உட்காரும் இஞ்சின் உடலான பிளாக்கின் மேல்முகத்துக்கு நாம் கொடுப்பதில்லை என்பதை வாகன உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிளாக்கில் ஒட்டிக்கொண்ட பழைய கேஸ்கெட்டை எடுக்க, கிரைண்டரில் உரசும் வட்டை மாட்டித் தேய்த்துவிடும் பழக்கம் பல இடங்களில் வேரூன்றிவிட்டது. ஐந்து நிமிடத்தில் முகம் பளபளவென்று ஆகிவிடுவதால் பார்ப்பவருக்கும் நிறைவாக இருக்கிறது. உண்மையில் அந்த வட்டு, மென்மையான இடத்தில் அதிகமாகவும் கடினமான இடத்தில் குறைவாகவும் தின்று, கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை உண்டாக்குகிறது. அலுமினிய பிளாக்கில் இந்தக் கேடு இன்னும் விரைவாக நேர்கிறது. அதைவிடக் கொடியது, வட்டிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு தூள். அது ஆயில் துளைகளின் வழியே இறங்கி எண்ணெயோடு கலந்து, கிராங்க் எனும் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்குகளை அறுத்துவிடுகிறது. இக்காரணத்துக்காகவே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், இஞ்சின் முகங்களைச் சுத்தம் செய்ய இத்தகைய வட்டுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தன் சேவைப் பணிமனைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஹெட் வேலை முடிந்த சில வாரங்களில் பேரிங் போனால், இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் சந்தேகிப்பதுகூட இல்லை.

செய்ய வேண்டிய வேலை கடினமானதல்ல, பொறுமைதான் வேண்டும். சிலிண்டர்களையும், தண்ணீர், ஆயில் துளைகளையும் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, கேஸ்கெட் கரைப்பானைத் தடவி ஊறவிட்டால் பெரும்பகுதி இளகிவிடும். மிச்சத்தை, வார்ப்பிரும்பு பிளாக்காக இருந்தால் கூரான பிளேடைச் சாய்வாகப் பிடித்தும், அலுமினியமாக இருந்தால் பிளாஸ்டிக் சுரண்டியாலும் எடுக்கலாம். ஈர லைனர் (வெளிப்புறம் தண்ணீர் படும்படி பிளாக்கில் செருகிய சிலிண்டர் உருளை) கொண்ட டீசல் இஞ்சின்களில் ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை: ஹெட் இல்லாத நிலையில் லைனர்களைப் பட்டை வைத்து இறுக்கிப் பிடிக்காமல் கிராங்கைச் சுழற்றினால், லைனர் மேலெழும்பி, அடியிலுள்ள ரப்பர் வளையம் குலைந்து, தண்ணீர், இஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்குள் இறங்கும்.

முகம் சுத்தமானதும், துல்லியமான நேர்விளிம்புச் சட்டமான ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்கிலும் குறுக்கிலும் இரு மூலைவிட்டங்களிலும் நிறுத்தி, அதன் அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகிப் பார்க்க வேண்டும். அனுமதிக்கப்படும் வளைவு இஞ்சினுக்கு இஞ்சின் மாறும் என்பதால் தயாரிப்பாளரின் கையேடே இறுதிச் சொல்; ஆயினும் பல இஞ்சின்களில் அது 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமனே உள்ள இந்த இடைவெளியைக் கண்ணாலோ விரலாலோ தீர்மானிக்க எவராலும் முடியாது. லைனர் இஞ்சின்களில், ஒவ்வொரு லைனரும் பிளாக்கின் முகத்துக்கு மேல் எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பதையும் டயல் கேஜால் அளக்க வேண்டும். பக்கத்து லைனர்களின் உயரம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கேஸ்கெட்டும் தாழ்ந்த இடத்தில் அழுத்தம் பெறாமல் எரிந்துபோகும். இப்போது பரவலாக வரும் பல அடுக்கு உருக்குத் தகடு கேஸ்கெட்டுகளுக்கு, பழைய கேஸ்கெட்டுகளுக்குத் தேவைப்பட்டதைவிட வழவழப்பான முகம் வேண்டும். சொரசொரப்பை ஈடுகட்டுவதாக நினைத்து, கையேடு சொல்லாத இடத்தில் பசை தடவுவது கெடுதலையே செய்யும்.

எல்லாவற்றிலும் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது போல்ட் துளைகள்தான். அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அத்திரவத்துக்குப் போக்கிடம் இல்லை. இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் உரிய அளவைக் காட்டிவிடும், ஆனால் ஹெட் இறுகியிருக்காது. சில வேளைகளில் அந்த அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடும். கண்ணாடி அணிந்துகொண்டு துளைகளைக் காற்றால் ஊதி, மரையைப் புதிதாக வெட்டாமல் சுத்தம் மட்டும் செய்யும் கருவியை விட்டு எடுத்து, மீண்டும் ஊத வேண்டும். நீண்டு இறுகும் வகை போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் மாற்றிவிடுவதே முறை.

இவற்றுக்கெல்லாம் பாதி நாள் கூடுதலாகும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பாதி நாளுக்குக் கூலி தர உரிமையாளர் தயங்குவதாலும், கேட்க மெக்கானிக் கூச்சப்படுவதாலும்தான் கிரைண்டர் கைக்கு வருகிறது. எனவே, பட்டறைச் சங்கங்கள் பிளாக் முகச் சுத்தத்தையும் அளவெடுப்பையும் தனிக் கூலியாக ரசீதில் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். எடுத்த அளவுகளும் அதே ரசீதில் இடம்பெற வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பிரிவு மாணவர் ஒவ்வொருவரும், பிறர் செய்வதைச் சுற்றி நின்று பார்ப்பதோடு நில்லாமல், தம் கையாலேயே ஒரு பிளாக்கைச் சுத்தம் செய்து அளந்து காட்டிய பிறகே செய்முறைத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று தமிழக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டீசல் இஞ்சின் மெக்கானிக் ஒருவர்,
நாமக்கல்.